நினைப்பைக் கேட்டறிதல்: மனச்சோர்வும் அறிகை அணுகுமுறையும்



உளவியலில் பொதுமக்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைத் தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு மனச்சோர்வைவிடப் பொருத்தமான பொருள் இன்றைக்கு வேறில்லை என்று கருதியே இதை எடுத்துக்கொண்டேன்.

நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். மனம் சோர்ந்த ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளை நாம் இரண்டு விதமாகத் தவறவிடுகிறோம். “அதெல்லாம் ஒன்றுமில்லை, தைரியமாக இரு” என்று தட்டிக்கழிக்கிறோம். அல்லது “இப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் உருப்பட மாட்டாய்” என்று குற்றம் சாட்டுகிறோம். இரண்டிலும் அவர் சொன்னதை நாம் கேட்கவே இல்லை. உளவியலின் அறிகை (cognitive) அணுகுமுறை வேறொரு வழியைக் காட்டியது. அந்த நினைப்பைக் காதுகொடுத்துக் கேட்பது. அது உண்மைதானா என்று அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சோதிப்பது. அந்த வழி எப்படிப் பிறந்தது, எதைச் சாதித்தது, எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நோயின் முகம்

மருத்துவம் மனச்சோர்வு என்று சொல்வது ஒருநாள் வருத்தத்தை அல்ல. மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுதல், பசி மாறுதல், தீராத அசதி, நடையும் பேச்சும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, கவனம் நில்லாமை, தன்மேல் மிகையான குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு என்று மொத்தம் ஒன்பது குறிகள். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் தொடர்ந்து நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அதை நோய் என்கிறார்கள்.

நம் ஊரில் மருத்துவரிடம் போகிறவர் “மனசு சரியில்லை” என்று தொடங்குவது அரிது. தலைபாரம், கைகால் குடைச்சல், உடம்பெல்லாம் அசதி, நெஞ்சுப் படபடப்பு, ராத்திரி கண்ணே மூடவில்லை என்றுதான் தொடங்குவார். சத்து ஊசி போட்டுக்கொள்வார், ஸ்கேன் எடுப்பார், எல்லாம் நார்மல் என்று சொல்லக் கேட்டு இன்னும் கலங்குவார். அவர் சொல்லும் உடல்வேதனை பொய்யல்ல. ஆனால் அதோடு சேர்ந்து ஓடும் நினைப்பை யாரும் கேட்பதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறவர் ஏறத்தாழ இருபதில் ஒருவர் என்றும், இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றும் அது கண்டது. மருந்தும் முறையும் கையில் இருக்கும் ஒரு நோய்க்கு இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பது நமக்குத் தலைகுனிவு.

பிலடெல்பியாவில் ஒரு திருப்பம்

அறிகை அணுகுமுறையின் கதை ஆரன் பெக் என்ற மருத்துவரிடம் தொடங்குகிறது. 1921இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தார்கள்; தாய் நெடுங்காலம் சோர்வில் இருந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் 1946இல் மருத்துவப் பட்டம் பெற்ற பெக், 1954இல் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பயிற்சியால் அவர் உளப்பகுப்பாய்வாளர்.

அன்றைக்கு மனச்சோர்வைப் பற்றி நிலவிய விளக்கம் ஃப்ராய்டுடையது. இழந்துபோன ஒருவர்மேல் எழும் கோபம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே திரும்பித் தன்னையே தாக்குகிறது என்று 1917இல் அவர் எழுதினார். பெக் இதை மறுக்கக் கிளம்பவில்லை, நிரூபிக்கத்தான் கிளம்பினார். உள்ளே கோபம் இருந்தால் கனவில் அது வெளிப்பட வேண்டும் அல்லவா? மனம் சோர்ந்தவர்களின் கனவுகளைத் திரட்டினார். அவற்றில் கோபம் மிகுந்திருக்கவில்லை. கனவு கண்டவர் எதையோ இழந்தவராக, புறக்கணிக்கப்பட்டவராக, முயன்று தோற்றவராகவே திரும்பத் திரும்ப வந்தார்.

முதலில் பெக் கொள்கையைக் காப்பாற்றவே பார்த்தார். துன்பப்பட வேண்டும் என்ற உள்விருப்பம்தான் இப்படிக் கனவாகிறது என்று விளக்கினார். பிறகு அதையும் சோதித்தார். துன்பம்தான் இவர்கள் விருப்பம் என்றால், ஒரு வேலையில் வெற்றி கிடைப்பது இவர்களுக்குப் பிடிக்கக் கூடாது. ஆனால் சிறிய பணிகளைக் கொடுத்து வெற்றிபெறச் செய்தபோது அவர்கள் மனநிலை உயர்ந்தது. அடுத்த பணியைப் பற்றிய நம்பிக்கையும் கூடியது. கொள்கை சரிந்தது. எளிய விளக்கம் ஒன்றே மிஞ்சியது: விழித்திருக்கும்போது தன்னை எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படியே கனவிலும் பார்க்கிறார்கள்.

அவருடைய சிகிச்சை அறையிலும் அதே காலத்தில் ஒன்று நடந்தது. ஒரு பெண் தன் அந்தரங்க அனுபவங்களை விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதற்றமாக இருப்பதாகவும் சொன்னார். அந்த அனுபவங்களால் எழும் பதற்றம் என்று பெக் கொள்கைப்படி விளக்கினார். மேலும் கேட்டபோது வேறொன்று வெளிவந்தது. தன் பேச்சு மருத்துவருக்குச் சலிப்பூட்டுகிறதோ என்ற எண்ணம் பேசும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது; பதற்றம் அதனால் வந்தது. சொல்லும் பேச்சுக்கு அடியில் சொல்லாத இன்னொரு பேச்சு ஓடுவதை பெக் கண்டுகொண்டார். கேட்டால் நோயாளிகள் அதைச் சொன்னார்கள். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை.

மனச்சோர்வின் அளவை மதிப்பிட 21 கேள்விகள் கொண்ட அளவுகோலை 1961இல் வெளியிட்டார். சிந்தனைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1963, 1964 ஆண்டுகளில் வந்தன. 1967இல் மனச்சோர்வைப் பற்றிய முழு நூலும், 1979இல் மூன்று சக ஆய்வாளர்களுடன் எழுதிய சிகிச்சைக் கையேடும் வந்தன. நூறாண்டு வாழ்ந்து 2021 நவம்பரில் மறைந்தார். நிரூபிக்க நினைத்த கொள்கை சோதனையில் தோற்றபோது சோதனையின் பக்கம் நின்றாரே, அதுதான் அவர் நமக்கு விட்டுச்சென்ற முதல் பாடம்.

நினைப்பின் மூன்று அடுக்கு

பெக் கண்டதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து அமைத்தது. தனி ஒருவரைக் குறிப்பதல்ல.

அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஒருவர். அவர் வகுப்பில் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய 38 பிள்ளைகளில் 33 பேர் தேர்ச்சி. மறுநாள் தலைமையாசிரியர் எதிரே வந்தவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்தக் கணத்தில் ஆசிரியையின் மனத்தில் ஓடியது: “என்மேல் கோபமாக இருக்கிறார். ஐந்து பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன். எனக்குப் பாடம் நடத்தவே வரவில்லை.” அன்று மாலை வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுவாரம் விடுப்பு எடுத்தார். விடுப்பில் இருப்பதே தன் இயலாமைக்கு இன்னொரு சான்றாகத் தோன்றியது.

முதல் அடுக்கு, தானாக எழும் நினைப்புகள். யாரும் வரவழைப்பதில்லை, மின்னல்போல் வந்து போகின்றன. வரும்போது கருத்தாக வருவதில்லை, நடந்த உண்மையாகவே வருகின்றன.

இரண்டாவது அடுக்கு, அந்த நினைப்புகளில் தெரியும் சிந்தனைப் பிழைகள். தலைமையாசிரியர் பேசாமல் போனதை வைத்துக் கோபம் என்று முடிவுகட்டியது, ஆதாரமில்லாத முடிவு. 33 பேரை விட்டுவிட்டு ஐவரை மட்டும் பார்த்தது, பொறுக்கிப் பார்த்தல். ஒரு தேர்வு முடிவிலிருந்து “எனக்குப் பாடம் நடத்தவே வரவில்லை” என்று போனது, மிகைப் பொதுமையாக்கம். அந்தப் பிள்ளைகளின் வீட்டுச் சூழல், வருகைப் பதிவு, முந்தைய வகுப்புகளில் விட்டுப்போன அடிப்படை எதையும் கணக்கில் எடுக்காமல் முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டது, தற்பொறுப்பாக்கம். இவை நம் எல்லாரிடமும் உள்ளவைதாம். சோர்ந்த மனத்தில் எல்லாப் பிழையும் ஒரே திசையில், தனக்கு எதிராகவே நடக்கிறது.

மூன்றாவது அடுக்கு ஆழமானது. சிறுவயதில் உருவாகி, பல ஆண்டு அமைதியாகக் கிடந்து, ஓர் இழப்போ தோல்வியோ தட்டும்போது விழித்துக்கொள்ளும் அடிப்படை நம்பிக்கைகள். “எதிலும் முதலாக வந்தால்தான் எனக்கு மதிப்பு” என்பது அப்படி ஒன்று. இந்த நம்பிக்கை விழித்துக்கொண்டால், பற்றை மட்டும் பேரேட்டில் ஏற்றி வரவை எழுதாமல் விடும் கணக்குப்பிள்ளையைப்போல் வேலை செய்கிறது. ஒவ்வொரு பதிவும் நடந்ததுதான். பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கும் பொய்.

இந்த மூன்றும் சேர்ந்து விளைவிப்பதை பெக் முக்கூட்டு என்றார். தன்னைப் பற்றி: நான் உதவாதவள். உலகத்தைப் பற்றி: எல்லாரும் என்னைக் குறையாகவே பார்க்கிறார்கள். எதிர்காலத்தைப் பற்றி: இனி இது மாறப்போவதில்லை. மூன்றாவதுதான் மிகவும் அபாயமானது. மனச்சோர்வின் கடுமையைவிட எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையிழப்புதான் தற்கொலையை வலுவாக முன்னறிவிக்கிறது என்று பெக்கும் அவர் குழுவினரும் நெடுங்காலத் தொடராய்வில் கண்டு 1985இல் வெளியிட்டார்கள். அதனால் “இனிமேல் ஒன்றும் இல்லை” என்று ஒருவர் சொன்னால் அதை விரக்திப் பேச்சு என்று ஒதுக்கக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்பதே பலருக்குப் பிடிமானம்.

தோல்விக்குச் சொல்லும் காரணம்

பெக் இந்த ஆராய்ச்சிக்குச் சிகிச்சை அறையிலிருந்து வந்தார். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தார். 1967இல் அவரும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு நாய்களால் மின்னதிர்ச்சியைத் தாமே நிறுத்த முடிந்தது; இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எளிதாகத் தாண்டித் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது, இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை முயலவே இல்லை, படுத்துக்கொண்டன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதற்குப் பெயரிட்டார்கள்.

மனிதர்களில் எல்லாரும் இப்படிப் படுத்துவிடுவதில்லை. ஏன் என்ற கேள்விக்கு 1978இல் லின் ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் பதில் தந்தார்கள். நடந்த கெடுதிக்கு மனிதன் ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறான். அந்தக் காரணம் தன்னிடம் இருப்பதாக, என்றும் மாறாததாக, வாழ்க்கை முழுவதற்கும் பொருந்துவதாக இருந்தால் கையறுநிலை பரவுகிறது. “வேதியியலுக்கு இந்த வருஷம் நேரம் ஒதுக்கவில்லை” என்று ஒரு மாணவன் சொன்னால், அந்தக் காரணத்துக்கு எல்லை உண்டு. அடுத்த வருஷம் மாற்றலாம். “நான் எதற்கும் லாயக்கில்லாதவன்” என்று சொன்னால் அதற்கு எல்லையே இல்லை.

பெற்றோரும் ஆசிரியரும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். தேர்வு முடிவு வரும் நாளில் நம் வாயிலிருந்து வருவது எந்த வகைக் காரணம்? “இந்தப் பாடத்தில் எங்கே விட்டாய், பார்ப்போம்” என்பதா, “நீ எங்கே உருப்படப் போகிறாய்” என்பதா? இரண்டாவதைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை, நாளைக்கு நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்.

மேயரும் செலிக்மனும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, 2016இல், மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் கொள்கையைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் ஓய்ந்துவிடுவது கற்றுக்கொண்டதல்ல. அது உயிரியல்பான முதல் எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது, நம்மால் ஏதாவது செய்ய முடியும் என்பதுதான். மூளையின் முன்பகுதி அதைக் கற்றுக்கொண்டு, ஓய்ந்துபோவதை அடக்குகிறது. அப்படியென்றால் சோர்ந்து படுத்தவரைச் சோம்பேறி என்பதற்கு இடமே இல்லை. அவருக்குத் தேவை, தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதைத் திரும்ப அனுபவிக்கும் வாய்ப்பு.

அசைபோடும் மனம்

சோர்வு வந்த பின் அதை நீளச் செய்வது எது? 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா, அதற்குச் சில நாள் முன்புதான் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். மனம் சோரும்போது என்ன செய்வீர்கள் என்பதே அதன் சாரம். நிலநடுக்கத்துக்குப் பின் அதே மாணவர்களை மீண்டும் ஆராய்ந்தார். ஏன் இப்படி இருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அசைபோடும் வழக்கமுள்ளவர்கள், முன்பே இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தாலும், அதிகச் சோர்வுக்கு ஆளாகியிருந்தார்கள்.

அசைபோடுகிறவருக்குத் தான் பிரச்சினையை ஆராய்வதாகவே தோன்றும். ஆனால் “ஏன்” என்று தொடங்கும் அந்தக் கேள்வி “இனி என்ன செய்யலாம்” என்ற இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

நினைவாற்றலும் இதற்குத் துணைபோகிறது. பிரிட்டனில் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1980களில் ஒன்றைக் கண்டறிந்தார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ‘மகிழ்ச்சி’ போன்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அதோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் குறிப்பிட்ட நாளை, குறிப்பிட்ட இடத்தைச் சொன்னார்கள். இவர்கள் பொதுப்படையாகவே சொன்னார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடமும் பிறகு இதுவே தெரியவந்தது. முன்பு ஓர் இக்கட்டை எப்படிக் கடந்தோம் என்பது குறிப்பான நிகழ்ச்சியாக நினைவுக்கு வந்தால்தான் இன்றைக்கு உதவும். அந்தக் கதவு அடைபட்டிருக்கும்போது “முன்பு சமாளித்தாயே” என்று நாம் சொல்வது அவரை எட்டுவதில்லை.

சிகிச்சை அறையில் நடப்பது

அறிகைச் சிகிச்சை வாரம் ஒருமுறை என்ற கணக்கில் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு வரை நடக்கும். அந்த ஆசிரியையிடம் சிகிச்சையாளர் “நீங்கள் நல்ல ஆசிரியைதான்” என்று சொல்லி அனுப்ப மாட்டார். கேட்பார்.

“டீச்சர், ஹெச்.எம். பேசாமல் போனதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?”

“தெரியவில்லை. அன்றைக்கு ஆய்வு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.”

“உங்களோடு வேலை செய்யும் இன்னொரு ஆசிரியைக்கு 38இல் 33 வந்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?”

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அவரிடம் இப்படிச் சொல்ல மாட்டேன்” என்றார்.

அடுத்த படி எழுத்து. மனம் சட்டென்று கீழே இறங்கிய நேரம், அப்போது ஓடிய நினைப்பு, அதற்கு ஆதாரம், எதிரான ஆதாரம், இரண்டையும் பார்த்தபின் வரும் முடிவு என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்வார். தலைக்குள் ஓடும்போது மறுக்க முடியாததாகத் தெரிந்த நினைப்பு, தாளில் எழுதிப் பார்க்கும்போது கேள்வி கேட்கக்கூடிய வாக்கியமாகிறது. அதற்கடுத்தது செயல். நாளை மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அரைமணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே எழுதுவது. நடந்ததை அதோடு ஒப்பிடுவது. இருவரும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி இது. நோயாளி இதில் உபதேசம் கேட்பவர் அல்லர், சக ஆய்வாளர்.

கடைகளில் குவிந்து கிடக்கும் ‘நல்லதையே நினை’ நூல்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே நினைப்பு நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையா என்றுதான் கேட்கிறார்கள். சோதித்துப் பார்த்து அது உண்மை என்று தெரிந்தால், ஏற்றுக்கொண்டு அடுத்து செய்ய வேண்டியதைப் பேசுவார்கள்.

பலன் உண்டா? 1977இல் வெளியான முதல் ஒப்பாய்வு, இமிப்ரமின் என்ற மருந்துக்குப் பக்கத்தில் இந்தச் சிகிச்சையை வைத்துப் பார்த்து, அதற்கு இது குறைந்ததல்ல என்று காட்டியது. 2005இல் ராபர்ட் டெரூபிஸ், ஸ்டீவன் ஹோலன் குழுவினர் மிதமான, கடுமையான மனச்சோர்வுள்ள 240 பேரிடம் நடத்திய ஆய்வில், 16 வார முடிவில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சமமாக நின்றன. பிறகு நடந்ததுதான் முக்கியம். குணமடைந்து மருந்தை நிறுத்தியவர்களைவிட, குணமடைந்து அறிகைச் சிகிச்சையை முடித்தவர்களில் நோய் திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு. கற்றுக்கொண்டது கையில் தங்குகிறது.

எதிர்க்கேள்வியும் வந்தது. 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் இந்தச் சிகிச்சையைப் பகுதிகளாகப் பிரித்துச் சோதித்தார். நினைப்புகளைத் தொடாமல், நாளின் செயல்களை மட்டும் திட்டமிட்டு மீட்டெடுத்த குழுவும் முழுச் சிகிச்சை பெற்ற குழுவுக்குச் சமமாகவே தேறியது. இதை அறிகை அணுகுமுறையின் தோல்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. “என்னால் முடியாது” என்ற நினைப்புக்கு எதிரான மிக வலுவான சாட்சி, செய்து முடித்த ஒரு சிறு வேலைதான். அதோடு, கொஞ்சப் பயிற்சியில் பலரும் கற்றுக்கொள்ளக்கூடிய பகுதி அது என்பதும் தெரிந்தது. அந்தச் செய்தியின் மதிப்பு நம்மைப் போன்ற நாடுகளில்தான் பெரிது.

எல்லைகள்

இந்த அணுகுமுறையை நேசிக்கிறவன் என்ற உரிமையில் அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும்.

எல்லாத் துயரமும் சிந்தனைப் பிழை அல்ல. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் எழுதிய நூல் இதை அழுத்தமாகச் சொன்னது. பெரிய இழப்புகளும் தீராத நெருக்கடிகளும் சோர்வைத் தூண்டின. மனம்விட்டுப் பேச ஒரு நெருங்கிய துணை இல்லாமை, வீட்டில் சிறு பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ இருத்தல், வெளியே வேலை இல்லாமை, சிறுவயதில் தாயை இழந்திருத்தல் ஆகியவை அதற்கு எளிதில் ஆளாக்கின. கந்துவட்டியில் சிக்கிய விவசாயியிடம், குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் அகப்பட்ட பெண்ணிடம், சாதியின் பெயரால் நாள்தோறும் அவமானப்படும் மாணவனிடம் “உங்கள் நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்வது சிகிச்சை ஆகாது, அநியாயத்துக்குத் துணைபோவது. அங்கே கடனுக்கும் அடிக்கும் அவமானத்துக்கும் முதலில் பதில் வேண்டும். ஆனால் அதே விவசாயி “நான் இல்லாமல் போனால் குடும்பம் நிம்மதியாக இருக்கும்” என்று சொல்லும்போது, கடன் உண்மை, அந்த முடிவு உண்மையல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பதே நம் வேலை.

அடுத்து, உடல். தைராய்டு குறைபாடு மனச்சோர்வு போலவே தோன்றலாம்; முதலில் பரிசோதிக்க வேண்டும். சாப்பாடும் பேச்சும் நின்றுபோகும் அளவு கடுமையான நிலையில் மருந்தும், சில வேளை மின்சிகிச்சையும் உயிர்காக்கும். அந்த நிலையில் நோட்டில் எழுதச் சொல்வது கொடுமை. மருந்தா பேச்சா என்ற சண்டை வகுப்பறைக்கு வெளியே பொருளற்றது. பலருக்கு இரண்டும் சேர்ந்தே பலன் தருகின்றன.

நம் பக்கத்து ஊர்களின் பாடம்

இவ்வளவு பேருக்கு இதைக் கொண்டுசேர்க்க உளவியலாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். பதில் தெற்காசியாவிலேயே இருக்கிறது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் அறிகை நடத்தைச் சிகிச்சையின் அடிப்படைகளை ஊர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய், தாய் சேய் நலப் பேச்சோடு சேர்த்தே இதையும் பேசினார்கள். 900க்கும் மேற்பட்ட தாய்மார்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், இந்த உதவி பெற்றவர்களில் மனச்சோர்வு நீடித்தவர் 23 சதவீதம். மற்றக் குழுவில் 53 சதவீதம். இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக் கையேடாக வெளியிட்டது.

கோவாவில் விக்ரம் படேல் குழுவினரின் ஆய்வு 2017இல் அதே இதழில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடுமையான மனச்சோர்வுள்ள 493 பேரைத் தேர்ந்தார்கள். ஜேக்கப்சன் பிரித்தெடுத்த அந்தச் செயல்மீட்பு முறையை, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில், இந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர். வந்தவரின் மொழியிலேயே, அவர் வாழ்க்கையை அறிந்தவர் பேசியது இது.

வேண்டுகோள்

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த வாசற்படியில் இரண்டே கேள்விகளை வழக்கமாகக் கேட்க ஏற்பாடு செய்யும்படி அரசை வேண்டுகிறேன். கடந்த இரண்டு வாரத்தில் மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? உலகெங்கும் முதல்நிலைச் சோதனைக்குப் பயன்படும் கேள்விகள் இவை. ஆம் என்று சொல்பவருக்குக் கோவாவில் கொடுத்ததைப் போன்ற சில அமர்வுகள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். கடுமையாக இருப்பவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பயிற்சிக் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவது இங்கே அமர்ந்திருக்கும் உளவியல் துறையினரின் கடமை. அதைப் பல்கலைக்கழகங்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. உங்கள் பிள்ளையோ, மனைவியோ, அப்பாவோ, உடன் வேலை செய்பவரோ சோர்ந்திருந்தால் அறிவுரையைச் சற்று நிறுத்தி வையுங்கள். “இந்த நேரத்தில் உன் மனத்தில் என்ன ஓடுகிறது?” என்று கேளுங்கள். சொல்வதை மறுக்காமல், சிரிக்காமல், முழுதாகக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மனச்சோர்வு தீரும் நோய். இதை அறியாமல் நம்மிடையே இனி ஒருவரும் வாடக் கூடாது என்பதே இந்த அவையிடம் நான் வைக்கும் கோரிக்கை.